கேள்வி நேரம்: பாரிஸைத் தாண்டி ஒரு பிரான்ஸ்

போன மாசம் பிரான்ஸ் கிராமங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன்.

அக்கா, அம்மாவும் அப்பாவும் ஜூனில யாழ்ப்பாணத்தில இருந்து வருகினம். ஈஃபில் டவர், டிஸ்னி எல்லாம் போன முறை காட்டியாச்சு. இந்த முறை ஒரு கிழமை கிராமப் பக்கம் கூட்டிக்கொண்டு போக ஆசை. லுவார் அரண்மனைகள், நோர்மண்டி, அல்ப்ஸ் எல்லாத்தையும் ஒரு கிழமைக்குள்ள முடிக்கலாமோ? அப்பாவுக்கு முழங்கால் நோ.
- வாசகி, லா கூர்நேவ்

வேணாம் தங்கச்சி. மூணும் மூணு திசை, ஒரு வாரமும் கார்லயே போயிடும், அப்பாவோட முழங்காலுக்கு அதை விட பெரிய தண்டனை கிடையாது. ஒரே இடத்துல தங்குங்க. நான் சொல்றது தென்மேற்குல தோர்தோன்ய் பக்கம். தோர்தோன்ய், வெசேர்னு ரெண்டு ஆறு, அந்த ரெண்டு ஆத்தங்கரையிலயும் ஆதி மனுஷன் வரைஞ்ச குகை, நூறு வருஷப் போர் (இங்கிலாந்தும் பிரான்ஸும் ரொம்ப காலம் போட்ட சண்டை) நடந்த கோட்டை, மலையோட ஒட்டிக்கிட்டு நிக்கிற கல் வீடுன்னு எல்லாமே சார்லா ஊர்ல இருந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இருக்கு. ஹோட்டலுக்கு பதிலா 'ஜீத்'னு சொல்ற வாடகை வீடு எடுங்க, அடுப்படி இருக்கும், அம்மாவுக்கு சோறு வடிச்சு சாப்பிட்டா தான் திருப்தியா இருக்கும் இல்லையா. கோடையில அந்த வீடுங்களை பெரும்பாலும் சனிக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் தான் விடுவாங்க, அதனால இப்பவே பார்த்து வைங்க.

அப்பாவுக்கு ஏத்த இடம்னா முதல்ல ரூஃபின்யாக் குகை. உள்ள சின்ன எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடுது, ஏறி உக்காந்தா போதும், கூரை முழுக்க மாமத் யானைங்க, கறுப்புக் கோட்டுல வரைஞ்சது. தரையில பெரிய பெரிய பள்ளம் இருக்கும், அது அந்தக் காலத்து குகைக் கரடிங்க குளிர்காலத்துக்கு படுத்துத் தூங்குன குழி, சுவத்துல அதுங்க நகத்தால கீறின தடமும் அப்படியே இருக்கு. அடுத்து லா ரோக் காஜாக் ஊர்ல 'காபார்' படகு சவாரி. ஒரு காலத்துல மரமும் ஒயின் பீப்பாவும் ஏத்திக்கிட்டு ஆத்தோட கீழ போன படகு வகை அது, இப்ப நம்மள ஏத்திக்கிட்டு போகுது. அந்த ஊர் தெற்குப் பார்த்த பாறைக்கு அடியில இருக்கறதால வெயில் நல்லா புடிச்சு வெச்சுக்கும், வீட்டு ஓரமா வாழை மரமே நிக்குது, அம்மாகிட்ட காட்டுங்க. ரோகமதூர் மாதா கோயிலுக்கு 216 படி ஏறணும், முழங்காலாலயே ஏறுற பக்தர்கள் உண்டு, ஆனா லிஃப்ட் இருக்கு, கூச்சப்படாம டிக்கெட் எடுங்க.

லாஸ்கோ குகை காப்பி தானாமே? அவ்ளோ தூரம் போய் டூப்ளிகேட் பார்க்கறதுக்கு எதுக்கு செலவு பண்ணணும்?
- வாசகர், சென்னை

நானும் அதே மனசோட தான் போனேன், அதனால கோபம் எனக்குப் புரியுது. ஆனா கதையை முழுசா கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. லாஸ்கோவும் அதே தோர்தோன்ய் பக்கம் தான். 1940 செப்டம்பர்ல மோந்தின்யாக்னு ஒரு ஊர் பக்கத்துல மார்செல் ரவிதானு 18 வயசுப் பையனும் கூட மூணு பசங்களும் ஒரு பொந்துக்குள்ள இறங்குறாங்க, உள்ள போனா சுவர் முழுக்க காளையும் குதிரையும் மானும். 17 ஆயிரம் வருஷத்துக்கும் மேல யாரும் தொடாத ஓவியம், ஒரு காளை மட்டுமே 5 மீட்டருக்கு மேல நீளம். 1948ல பொதுமக்களுக்குத் திறந்து விட்டாங்க, கூட்டம் ஒரு நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டுச்சு. அத்தனை பேர் விட்ட மூச்சு, வேர்வை, உடம்புச் சூடு, உள்ள போட்ட லைட்டு எல்லாம் சேர்ந்து சுவத்துல பச்சைப் பாசி படர ஆரம்பிச்சுது, இன்னொரு பக்கம் வெள்ளையா சுண்ணாம்புப் படிவு. அத்தனை ஆயிரம் வருஷம் தாங்கினது வெறும் 15 வருஷத்துல கெட ஆரம்பிச்சுடுச்சு. 1963ல அப்போதைய கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ மூடச் சொல்லிட்டார், இன்னிக்கு வரைக்கும் பொதுமக்களுக்குத் திறக்கல.

அதனால தான் காப்பி. 1983ல பழைய குகைக்குப் பக்கத்துலயே முதல் நகல், 2016 டிசம்பர்ல மலையடிவாரத்துல முழு நகல், அது பேர் லாஸ்கோ 4. பாறையோட ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அளந்து செஞ்சிருக்காங்க, அது ஏன் முக்கியம்னா அந்த ஓவியன் பாறை புடைச்சு நிக்கிற இடத்துல மிருகத்தோட வயித்தை வெச்சு வரைஞ்சிருக்கான், போட்டோல பார்த்தா அது தெரியவே தெரியாது. நான் உள்ள போய் கொஞ்ச நேரத்துல காப்பிங்கறதையே மறந்துட்டேன். நம்ம அங்க போகாம இருக்கறது தான் அந்தக் குகைக்கு நாம செய்யற மரியாதைன்னு தோணுச்சு, இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?
- வாசகி, மதுரை

பட்டினி இல்ல, ஆனா கவனமா இருக்கணும். அந்தப் பக்கம் வாத்து தான் எல்லாமே. மெனுல உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி ஒண்ணு இருக்கும், சார்லா ஊர் பேர் போட்டிருக்கும், பூண்டும் பார்ஸ்லியும் தூவி வாசனையா வரும், அது வாத்துக் கொழுப்புல வறுத்தது! வெறும் உருளைக்கிழங்கு தானேன்னு நினைச்சு ஆர்டர் பண்ணிடாதீங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. சார்லால புதனும் சனியும் சந்தை, அங்க வால்நட், ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, புது ரொட்டி, சின்ன வட்டமா ரோகமதூர் ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் கிடைக்கும், ஆத்தங்கரையில உக்காந்து சாப்பிட்டா ஒரு நேரம் முடிஞ்சுது. சீஸ் உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரெனெட் போடற வழக்கம் அங்க உண்டு, அதுவும் ஆகாதுன்னா சீஸை விட்டுடுங்க. இன்னொண்ணு, கிராமத்து ஹோட்டல்ல மதியச் சாப்பாடு 12ல இருந்து 2 மணி வரைக்கும் தான், மூணு மணிக்குப் போனா அடுப்பு அணைஞ்சிருக்கும்.

பஸ் இருக்கா, இல்ல கார் தான் எடுக்கணுமா?
- வாசகர், புதுச்சேரி

கார் தான். சார்லா, அப்புறம் வெசேர் ஆத்தங்கரையில இருக்கற லெஸ் எய்சி ஊர் வரைக்கும் ட்ரெயின் வரும், அதுக்கப்புறம் குகைக்கும் கோட்டைக்கும் பஸ்ஸை நம்பினா நாள் பூரா காத்துக் கிடக்கணும். நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் பர்மிட்டும் எடுத்துட்டுப் போங்க. ரோட்டுல வலது பக்கம் போறது ரெண்டு நாள்ல பழகிடும், பழகாதது வேற ஒண்ணு. போர்டு எதுவும் இல்லாத முக்குல வலது பக்கத்துச் சந்துல இருந்து வர்ற வண்டிக்குத் தான் முதல் உரிமை, நீங்க பெரிய ரோட்டுல போனாலும் சரி, அவன் நிக்க மாட்டான், நீங்க தான் நிக்கணும். எனக்கு ஒரு கிராமத்துல மயிரிழையில தப்பிச்சுது, அதனால இவ்ளோ அழுத்திச் சொல்றேன். அப்புறம் ஊர் பேர் போர்டு வந்தாலே வேகம் 50னு அர்த்தம், தனியா 50னு எழுதியிருக்காது.

பசங்களுக்கு குகை போரடிக்கும். வேற என்ன இருக்கு?
- வாசகி, கோவை

காஸ்தெல்னோ கோட்டை. உள்ள போர்க்கருவி மியூசியம், வெளிய கல் எறியற ராட்சச மரக்கருவிங்களை நிஜ அளவுல நிக்க வெச்சிருக்காங்க. ஆத்துக்கு அந்தாண்ட கொஞ்சம் தள்ளி பெய்னாக் கோட்டை தெரியும், நூறு வருஷப் போர்ல இது இங்கிலீஷ்காரன் கையில, அது பிரெஞ்சுக்காரன் கையில, ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. நடுவுல ஓடற ஆத்துல கனோ வாடகைக்கு விடறாங்க, நீச்சல் தெரிஞ்ச பசங்கன்னா கண்டிப்பா ஏத்துங்க. பதிராக் பாதாளமும் பசங்களுக்குப் புடிக்கும், வாய் திறந்த மாதிரி ஒரு குழி, 103 மீட்டர் கீழ இறங்கினா ஆறு ஓடுது, அதுல படகுல போகணும். உள்ள எப்பவும் 13 டிகிரி தான், ஆகஸ்ட்ல போனாலும் ஸ்வெட்டர் வேணும்.

ஒரே ஒரு இடம்னா எதைச் சொல்வீங்க?
- வாசகர், திருநெல்வேலி

ஃபோன் த கோம். லெஸ் எய்சி பக்கத்துலயே இருக்கு. கலர்ல வரைஞ்ச அசல் குகை ஓவியத்தை இன்னும் பொதுமக்கள் நேர்ல பார்க்க முடியற இடம் ரொம்பக் கம்மி, அதுல இது ஒண்ணு. ஒரு நாளைக்கு கொஞ்சம் பேரைத் தான் விடுவாங்க, அதனால முன்கூட்டியே புக் பண்ணுங்க. குறுகலான வழி, போட்டோ எடுக்கக் கூடாது. வழிகாட்டி டார்ச்சை சாய்வா அடிப்பார், முதல்ல பாறை மட்டும் தான் தெரியும், அப்புறம் மெதுவா ஒரு முதுகு, ஒரு கொம்பு. ரெண்டு பனிமான், நிறம் மங்கிப் போச்சு, கூர்ந்து பார்க்கணும். ஒண்ணு முன்னங்கால் மடிச்சு மண்டி போட்டிருக்கு, எதிர்ல நிக்கறது குனிஞ்சு அதோட நெத்திய நக்கிக் கொடுக்குது.