வாட்ஸ்அப்பை ஆராய்ந்தால் டாக்டர் பட்டமா?

(ஸ்ரீராமபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் கைபேசிப் பழக்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற பெங்களூருப் பேராசிரியை, இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகளுக்கு 32 வயது. கையில் இரண்டு வயதுக் குழந்தை. டிவி சேனல் வேலையை விட்டுவிட்டு, ‘வாட்ஸ்அப்பும் குடும்பமும்’ என்று பிஎச்.டி. பண்ணப் போகிறாளாம். எல்லோரும் பார்க்கிற வாட்ஸ்அப்பில் ஆராய என்ன இருக்கிறது? இந்த வயதில் இது தேவையா?
— ஒரு தாய், ராமமூர்த்தி நகர்

பதில்: அம்மா, நீங்களும் பெங்களூருக்காரர். காவிரிக் கலவரம் வெடித்த 2016 செப்டம்பர் 12 உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு தமிழ் மாணவனைச் சிலர் அடிக்கும் வீடியோ அதற்கு முன்பே ஊரெல்லாம் சுற்றியிருந்தது. தமிழ்நாட்டில் கன்னடர்கள் தாக்கப்படும் வீடியோ இந்தப் பக்கம் வந்தது. காவிரிக் கோபம் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த நேரம். அன்று மதியம் எங்கள் வீட்டில் மூன்று போனும் மாறி மாறி அடித்தன. பஸ் எரிகிறது என்றது ஒன்று. டி.என். நம்பர் வண்டியை வெளியே எடுக்காதே என்றது ஒன்று. எது நிஜம், எது புரளி என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. என் அப்பா எழுந்து போய் வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை நடுங்கி, ஆணித் தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது. என் ஆராய்ச்சி அந்த வாசலில்தான் தொடங்கியது.

2012 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்று கிளம்பிய வதந்தியில், ஆயிரக்கணக்கானோர் பெட்டி படுக்கையோடு சிட்டி ஸ்டேஷனில் குவாஹாட்டி ரயிலுக்குக் காத்துக் கிடந்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்க வந்தவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி சாமராஜப்பேட்டையில் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அப்படி நாட்டின் பல ஊர்களில் உயிர்கள் போன பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்தோடு நிறுத்தியது வாட்ஸ்அப். ஆறு வருடத்தில் மூன்று முறை, இதே ஊரில். உங்கள் மகள் கையில் எடுத்திருப்பது நம் பிழைப்போடு ஒட்டிய விஷயம்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிஎச்.டி.க்கு வயது வரம்பே கிடையாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு. கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி பெண்கள் நீட்டிப்புகளோடு சேர்த்துப் பத்து வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். மதியம் மூன்று மணி நேரம் நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அவள் நாலு வீடு போய்ப் பேசிவிட்டு வந்துவிடுவாள்.

கேள்வி: தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் பழக்கம்தான் என் தலைப்பு. ட்விட்டர், ஃபேஸ்புக் பதிவுகளை ஆயிரக்கணக்கில் இறக்கி மென்பொருளில் போட்டால் போதும் என்கிறார்கள் சீனியர்கள். செய்யலாமா?
— ஆய்வு மாணவர், ஞானபாரதி

பதில்: தம்பி, உங்கள் சீனியர்கள் சொல்லும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஆய்வாளர்களுக்குப் பதிவுகளை இலவசமாகத் தந்துகொண்டிருந்ததை ட்விட்டர் 2023-இல் நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேட உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்ட் 14-இல் அதன் தாய் நிறுவனமான மெட்டா மூடியது. வாட்ஸ்அப்போ 2016 ஏப்ரலிலிருந்து முழுக்கப் பூட்டிய பெட்டி. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாது.

நானும் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். தமிழில் நாற்பது கேள்வி அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் ஒரு பாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேசுவேன் கண்ணு, தமிழ் படிக்க வராது. நான் படிச்சது கன்னட ஸ்கூலு.” மகளுக்கும் அப்படியே. பேரன் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறான். அந்த வீட்டில் தமிழ் குரலில்தான் இருக்கிறது. சமையல் முடிந்ததும் பாட்டி படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டி, தங்கவயலில் இருக்கும் தங்கை அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்பார். ஒரு தடவை சேதிக்காக. இன்னொரு தடவை தங்கை குரலுக்காக. பதில் பேசும்போது விரலை எடுத்தால் அறுந்துவிடும் என்று கட்டை விரல் வெளுக்கிற வரை மைக் படத்தை அழுத்திக்கொண்டே இருப்பார். மென்பொருளில் கொட்டும் பதிவுகளில் இந்தப் பாட்டி எங்கே வருவார்?

கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் படிகளிலேயே உட்கார்ந்தேன். வதந்தி வந்தால் ‘உண்மையா?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ‘யார் அனுப்பினது?’ என்பார்கள். ‘பெரியப்பா’ என்றால் பேச்சு முடிந்தது. செய்தி நேரே மக்களிடம் போவதில்லை, அவர்கள் மதிக்கும் ஓர் ஆள் வழியாகவே போகிறது என்று காட்ஸ், லசார்ஸ்ஃபெல்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1955-இல் அமெரிக்காவில் எழுதியதை, நான் ஸ்ரீராமபுரத்தில் ஒரு பெரியப்பாவிடம் புரிந்துகொண்டேன். எத்தனை ஃபார்வர்ட் என்று எண்ணுவதற்கு முன், எந்தக் கையிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் தமிழ் குரூப்பில் 180 பேர். நானும் உறுப்பினர். அட்மின் சரி என்றுவிட்டார். பெயரை நீக்கிவிட்டு அந்தச் செய்திகளை ஆய்வில் பயன்படுத்தலாம்தானே?
— ஆய்வு மாணவி, அல்சூர்

பதில்: கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்ன வழக்கு, நம் ஊரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி போட்டது. 2023 தனிநபர் தரவுச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் தருகிறது, உண்மைதான். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஒரு குடும்ப குரூப்பில் பெரியவர் ஒருவர் அனுமதி தந்ததை எல்லோருடைய அனுமதியாக எடுத்துக்கொண்டு, ஓர் அத்தையின் பேச்சைக் கருத்தரங்கக் கட்டுரையில் எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் அவர் வாயில் எப்போதும் வரும் ஒரு சொலவடையை அப்படியே விட்டிருந்தேன். அண்ணன் மகன் படித்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த முறை போனபோது அத்தை கதவைப் பாதி திறந்தபடியே கேட்டார்: “அண்ணன் சரின்னா நானும் சரின்னு யாரு சொன்னா உனக்கு?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆய்வேட்டில் அவர் வருகிற பக்கங்களை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். படிக்கத் தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்காமல், விஷயத்தை வாயால் சொல்லி, சம்மதத்தை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தேன். எழுதி முடித்ததும் அவரவர் பகுதியை வாசித்துக் காட்டி மறுபடியும் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், எடுத்தேன். 180 பேரிடமும் இப்படிக் கேட்க முடியாதென்றால், கேட்க முடிந்த பதினைந்து பேரை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், போனைப் பையிலேயே வைத்துவிட்டு.