வண்டி ஜிபிஎஸ், கை ஜிபிஎஸ்: சார்ஜர் வாங்கும் முன்…

ஜிபிஎஸ் கருவிகள் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "கருவி கெட்டுவிட்டதா?" என்றுதான் கேட்கின்றன. படித்துப் பார்த்தால் சிக்கல் கருவியில் இல்லை, அதற்கு மின்சாரம் போகும் வழியில் இருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கார்மின் நூவி (காரில் வைக்கும் ஜிபிஎஸ்) என்னிடம் இருக்கிறது. கார் சார்ஜர் வயர் அறுந்துவிட்டது. முனை ஒரே மாதிரி இருக்கிறதே என்று பழைய கேமராவின் மினி யூ.எஸ்.பி கேபிளைக் காரில் செருகினால், திரையில் கம்ப்யூட்டர் படம் வருகிறது, மேப் வரவில்லை. கருவி போய்விட்டதா? (கோவை வாசகர்)

ப: போகவில்லை. கேபிள்தான் வேறு. மினி யூ.எஸ்.பி முனையில் ஐந்து பின்கள் உண்டு. முதல் பின் 5 வோல்ட், இரண்டும் மூன்றும் டேட்டா, ஐந்தாவது கிரவுண்டு. மிச்சம் இருக்கும் நான்காவது பின்தான் உங்கள் வில்லன். சாதாரண டேட்டா கேபிளில் அதை எங்கும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்த நூவி, தன்னைக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து ஒரு பென் டிரைவாக மாறிக்கொள்கிறது. கார்மின் கார் சார்ஜர் வயரில், முனைக்குள்ளேயே நான்காவது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடைப் பாகம்) இருக்கும். அது இருந்தால் "இது வெறும் மின்சாரம்" என்று புரிந்துகொண்டு மேப்பைக் காட்டும்.

இந்த ரெசிஸ்டர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கடையில் "மினி யூ.எஸ்.பி கார் சார்ஜர்" என்று மட்டும் கேட்டால் டேஷ்கேம் (வண்டியில் வைக்கும் கேமரா) வயரைத் தூக்கிக் கொடுப்பார்கள். கருவியின் பின்புறம் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மறு முனை சாதாரண யூ.எஸ்.பி ஆக இருக்கும் பவர் கேபிள் என்றால் சோதிப்பது எளிது. கையில் ஒரு பவர் பேங்க்கும் கருவியும் எடுத்துப்போய் அங்கேயே செருகுங்கள். மேப் வந்தால் வாங்கலாம், கம்ப்யூட்டர் படம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வயர் நடுவிலோ பிளக்கிலோ புடைப்பு வைத்து, "டிராஃபிக் ரிசீவர்" என்று கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. அது எஃப்.எம் அலைவரிசையில் வரும் நெரிசல் தகவலைப் பிடிப்பதற்காக ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்துச் செய்தது. உங்களுக்கு வேண்டியது மின்சாரம் மட்டும்தான்.

கே: காரில் ஒரு வருடம் நன்றாக ஓடிய சார்ஜரை லாரியில் செருகினேன். ஒரே வாரத்தில் கருகல் வாசனை வந்து நின்றுவிட்டது. நல்லவேளை, கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன காரணம்? (நாமக்கல் ஓட்டுநர்)

ப: கார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட். அதுவும் பெயரளவில்தான். எஞ்சின் ஓடும்போது காரில் 14 வோல்ட்டும் லாரியில் 28 வோல்ட்டும் வரை இருக்கும். விலை மலிவான சார்ஜர்களில் உள்ளே வரும், வோல்ட்டைக் குறைக்கும் எம்.சி 34063 வகை சிப் 40 வோல்ட் வரை தாங்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் கெபாசிட்டர் (மின்தேக்கி) 16 அல்லது 25 வோல்ட் மதிப்புள்ளதாக இருக்கும். 28 வோல்ட்டில் அது சூடேறி, உப்பி, ஒரு நாள் வெடிக்கும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

இதைவிட மோசமான விதமும் உண்டு. சிப்பின் ஸ்விட்ச் பகுதி ஷார்ட் ஆகிவிட்டால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே கருவிக்குள் போகும். அதன்பின் கருவியை ரிப்பேர் செய்வது வீண் வேலை. ஆகவே "12–24 வோல்ட்" என்று உடம்பில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். அச்சை மட்டும் நம்பாமல், கருவியைச் செருகும் முன் ஒருமுறை அளந்தும் பாருங்கள்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வீணான பழைய யூ.எஸ்.பி கேபிள் ஒன்றின் முனையை வெட்டி, சிவப்பு, கருப்பு வயர்களின் தோலை உரித்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்து, அதைச் சார்ஜரில் செருகி அளக்க வேண்டும். எஞ்சின் ஆஃப், ஆன், ஆக்சிலரேட்டர் அழுத்தியபோது என்று மூன்று நிலையிலும் 4.9 முதல் 5.25 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அடுத்து ஒரு பழைய போனைச் சார்ஜ் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் அந்தச் சார்ஜர் உங்களுக்கு வேண்டாம்.

பிளக் மூக்கைத் திருகினால் உள்ளே கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், பெரும்பாலும் 1 முதல் 3 ஆம்பியர். போனால் அதே மதிப்பில் மாற்றுங்கள். சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றி ஓட்டும் வழக்கம் நம் ஊரில் இன்னும் ஒழியவில்லை. கருகல் வாசனையோடு நிற்க வேண்டிய விஷயம் தீப்பிடிப்பது அப்படித்தான்.

கே: சார்ஜர் செருகியே இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது. ஆனாலும் மதுரையிலிருந்து சென்னை போவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட வேண்டுமா? (மதுரை வாசகர்)

ப: முதலில் கேபிளைப் பாருங்கள். அதன் மேல் பொடி எழுத்தில் ஏ.டபிள்யூ.ஜி என்று ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது. 28 என்றால் மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. இரண்டு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப நான்கு மீட்டர் கம்பி, அதாவது 0.85 ஓம். கருவி 1 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.85 வோல்ட் காலி. சார்ஜரில் 5 வோல்ட் இருந்தும் கருவிக்குப் போய்ச் சேருவது 4.15 வோல்ட். அதில் திரை ஓடும், பேட்டரி ஏறாது. அதே நீளத்தில் 24 எண் கம்பி என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான்.

சில கேபிள்களில் 28 என்றும் 24 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டேட்டா கம்பிக்கு, இரண்டாவது மின்சாரக் கம்பிக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண். எண்ணே இல்லாத கேபிள் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள்.

கேபிள் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் வெயில் காரணமாக இருக்கலாம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் கருவியே சார்ஜிங்கை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் நிற்கும் கருவி அந்த வரம்பை எளிதில் தாண்டும். ஏசி காற்று படும்படி ஸ்டாண்டை இறக்கி வையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்மூடி புடைத்திருந்தால் மட்டும் பேட்டரி பற்றி யோசியுங்கள். அப்போது யோசித்தால் போதாது, உடனே கழற்றிவிட வேண்டும்.

கே: பள்ளத்தில் இறங்கினாலே ஜிபிஎஸ் அணைந்துவிடுகிறது. (தென்காசி வாசகர்)

ப: சாக்கெட்டின் அடியில் நடுப் பின்னும், சுற்றி இருக்கும் தகடும்தான் தொடர்பு. பிளக்கின் பக்கவாட்டு ஸ்பிரிங் காதுகளைச் சற்று வெளியே இழுத்து விடுங்கள். எஞ்சினையும் சாவியையும் அணைத்துவிட்டு சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில்லறைக் காசு, கருத்த படலம், சிலசமயம் முந்தைய சார்ஜரின் கழன்று விழுந்த மூக்கும் ஸ்பிரிங்கும்கூடக் கிடைக்கும். சாவி ஆனில் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டால் வண்டியின் சாக்கெட் ஃபியூஸ் போய்விடும்.

கே: புதிதாக டேஷ்கேம் வைத்த நாளிலிருந்து ஜிபிஎஸ் சாட்டிலைட் பிடிக்கத் திணறுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? (சென்னை வாசகர்)

ப: உண்டு. ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில், மிக மிக மெலிதாக வந்து சேர்கிறது. கவசம் சரியில்லாத சார்ஜரோ டேஷ்கேமோ எழுப்பும் மின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். நூவியில் சிக்னல் கோடுகளை விரலால் அழுத்திப் பிடித்தால் சாட்டிலைட் பக்கம் திறக்கும். வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கருவியை அதன் பேட்டரியில் ஓடவிட்டுக் கோடுகளின் உயரத்தைப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது கோடுகள் சரிகின்றனவோ அதுதான் குற்றவாளி. இரண்டுக்கும் இடையே அரை மீட்டராவது இடைவெளி விட்டு, இரண்டின் வயர்களையும் சேர்த்துக் கட்டாமல் வேறு வேறு பக்கம் இழுங்கள். கேபிளில் மாட்டும் ஃபெரைட் வளையமும் ஓரளவு உதவும். சார்ஜரே குற்றவாளி என்றால் மாற்றுவதுதான் வழி. கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால், சார்ஜரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது.

கே: ஃபைபர் படகுக்காகப் பழைய கை ஜிபிஎஸ் ஒன்றை வாங்கினேன். தேதி இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. இடமும் தப்பாகத்தான் காட்டுமா? படகு பேட்டரியில் நேரடியாக இணைக்கலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணி அனுப்புகின்றன. பிறகு மறுபடி 0. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இதைக் கவனித்து எழுதாத பழைய மென்பொருள், 1024 வாரம், அதாவது 19 ஆண்டு 7 மாதம் பின்னோக்கித் தேதி காட்டும். இடத்தைக் கணக்கிட அந்த வாரத்துக்குள் ஓடும் நொடிக் கணக்கே போதும் என்பதால் அதில் பிசகு வராது. ஆனால் கருவி காட்டும் சூரிய உதயம், நிலா, ஓதம் பற்றிய அட்டவணைகளை நம்பாதீர்கள். அவை தேதியை வைத்துக் கணக்கிடப்படுபவை. முதல்முறை கரையில் திறந்த வெளியில் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். சாட்டிலைட் பட்டியல் முழுவதும் இறங்க 12.5 நிமிடம் ஆகும்.

தேதியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் "9 டிகிரி 17.5 நிமிடம்" என்று ஒரு இடம் சொல்கிறார். உங்கள் கருவி தசம டிகிரியில் செட் செய்யப்பட்டிருக்கிறது, நீங்கள் 9.175 என்று போடுகிறீர்கள். அது உண்மையில் 9 டிகிரி 10.5 நிமிடம். வித்தியாசம் 7 நிமிடம், அதாவது 7 கடல் மைல், சுமார் 13 கிலோமீட்டர். பாக் நீரிணையில் 13 கிலோமீட்டர் பிசகினால் எந்த நாட்டுக் கடலில் நிற்கிறோம் என்பதே மாறிவிடலாம். செட்டப் மெனுவில் "பொசிஷன் ஃபார்மட்" என்பதை டிகிரியும் தசம நிமிடமும் காட்டும்படி வைத்து, உங்கள் துறையில் எல்லாரும் அதையே பின்பற்றுங்கள்.

மின் இணைப்பு மாடலைப் பொறுத்தது. பழைய கருவிகளில் சில 12 வோல்ட்டை நேரடியாக ஏற்கும். சிலவற்றில் வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட் கார் பிளக்குக்குள் இருக்கும். அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரைப் பேட்டரியில் கட்டினால் கருவி அந்த நொடியே செத்துவிடும். கருவியின் அடிப்பக்கத்திலோ கையேட்டிலோ உள்ளீட்டு வோல்ட் வரம்பைப் பார்த்த பிறகே இணையுங்கள். நேரடி இணைப்பு என்றால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் சரிந்து கருவி அணையும். உள்ளே நல்ல செல் இருந்தால் அதற்கு மாறிக்கொண்டு தொடர்ந்து ஓடும். படகு பேட்டரியில் ஓடினாலும் உள்ளே இருக்கும் செல்லை எடுக்காதீர்கள்.

கே: மலையேற்றத்துக்குப் புதிதாகக் கை ஜிபிஎஸ் வாங்க வேண்டும். எது நல்லது? கார் சார்ஜரில் சார்ஜ் ஏறுமா? (கொடைக்கானல் வாசகர்)

ப: செல் போடுவதா, உள் பேட்டரியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கார்மினின் இ-ட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு டபுள் ஏ செல்லில் 25 மணி நேரம் என்கிறது நிறுவனம். வரைபடம் ஏற்றலாம், மெமரி கார்டு போடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து (தன்னார்வலர்கள் உருவாக்கும் பொது வரைபடம்) செய்த இலவச மேப்பும் இதில் ஓடும். 2023-இல் வந்த இ-ட்ரெக்ஸ் எஸ்.இ அதே இரண்டு செல்லில் 168 மணி நேரம் என்கிறது. ஆனால் அதில் மேப் கிடையாது, பாதைக் கோடும் புள்ளிகளும்தான். ஜிபிஎஸ்மேப் 67 உள் பேட்டரியில் 180 மணி நேரம், விலையும் அதற்கேற்ப. இரண்டு மூன்று நாள் நடைக்கு 22எக்ஸே போதும் என்பது எங்கள் கருத்து. செல் தீர்ந்தால் அடிவாரப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இ-ட்ரெக்ஸ் 22எக்ஸைக் கார் சார்ஜரில் செருகினால் அது ஓடும், அவ்வளவே. உள்ளே ரீசார்ஜ் செல் போட்டிருந்தாலும் ஏறாது. அதற்குத் தனிச் சார்ஜர் வேண்டும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5. மெனுவில் செல் வகையை மாற்றாவிட்டால் பாதி தீர்வதற்குள் "லோ பேட்டரி" என்று அலறும்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா டோபோ ஷீட்டோடு (நில அமைப்பு வரைபடம்) ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அது எவரெஸ்ட் என்ற பழைய அளவுமுறையில் வரைந்தது என்பதை மறக்கக்கூடாது. கருவி டபிள்யூ.ஜி.எஸ் 84 என்ற வேறு அளவுமுறையில் காட்டும் இடத்தை அதில் அப்படியே குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும்.

"இன்ரீச்" என்று பெயரில் இருக்கும் மாடல்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை சாட்டிலைட் வழியே செய்தி அனுப்புபவை. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருக்கவே கூடாது. விமான நிலையச் சோதனையில் சிக்கி வழக்கைச் சந்தித்த பயணிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவருவதாகச் சொன்னால், மாடல் பெயரை முதலில் கேட்டு வாங்குங்கள்.

கே: மேப் அப்டேட் செய்ய இணையத்தில் தேடினேன். ஒரு எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க அனுமதி கேட்டார்கள். கொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

ப: கூடாது. அது மோசடி. கார்மின் கருவி என்றால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து கார்மின் எக்ஸ்பிரஸ் மென்பொருளை இறக்கி, டேட்டா கேபிளில் இணைத்து நீங்களே செய்யலாம். முதல் கேள்வியில் வில்லனாக இருந்த அந்தப் பழைய கேமரா கேபிள் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்தும். இடையில் கேபிள் அசைந்து இணைப்பு போனால் மேப் கோப்பு பாதியில் நின்றுவிடும். ஆகவே லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, ஹப் எதுவும் வைக்காமல் நேரடி போர்ட்டிலேயே இணையுங்கள்.