சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம்?

நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லா விமானம் ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம் எடுக்கும். உலகின் மிக நீண்ட பயணிகள் தடங்களில் இதுவும் ஒன்று.

இரு ஊர்களும் உலக உருண்டையில் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. தட்டையான வரைபடத்தில் இது தெரியாது. ஓர் உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புரியும்.

ஆனால் விமானி அந்தக் கோட்டையே பிடித்துப் போவதில்லை. வானில் வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால், சுற்றுவழிகூட சீக்கிரம் முடியும். நியூயார்க் போகும்போது பல நாள் பசிபிக் வழியாகப் பறப்பது இதனால்தான். காற்று மாறினால் நேரமும் மாறும்.

இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள்தான் பெரிய கவலை. இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள் மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் எடுக்குமுன் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கடிகாரம் வேறு குழப்பும். குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும், கோடையில் 12. ஜனவரியில் நண்பகல் 12க்குக் கிளம்பினால், அதே நாள் மாலை ஐந்தரை வாக்கில் இறங்குவீர்கள். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால், சிங்கப்பூர் சேர்வது மறுநாள் அல்ல, அதற்கும் அடுத்த நாள் விடியற்காலை.