முதியோர் மறதி நோய்: வடசென்னை வாசகர்களுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி (தண்டையார்பேட்டை): கிராமத்து முதியவர்களுக்கு மறதி நோய் குறைவு என்கிறார்களே?

பதில்: இல்லை. 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் உள்ளது. நகரத்தில் 5.3 விழுக்காடு; கிராமத்தில் 8.4.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): எனக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். அங்கே ஒருவருக்கும் இந்நோய் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையே?

பதில்: கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. சென்னை, வேலூர்க் கிராமங்கள் உட்படப் பல நாடுகளில் 65 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்த 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவின் முடிவுகள் 2008இல் வெளியாயின. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறைப்படி அளந்தபோது நம் கிராமங்களில் 0.3 விழுக்காடே கிடைத்தது; அக்குழு தானே வகுத்த அளவுகோலைப் பயன்படுத்தியபோதோ, ஆய்வு நடந்த எந்த நாட்டிலும் 5.6க்குக் குறையவில்லை. அன்றாட வேலைகள் தடைபட்டால்தான் நோய் என்று முன்னதன் வரையறை கூறுகிறது. ஆனால் ரேஷன் கடைக்கு மருமகள் போகிறார், பணத்தை மகன் வைத்திருக்கிறார் என்னும் வீட்டில் பாட்டிக்கு எந்த வேலை தடைபடும்? அவர் உண்டு முடித்த கையோடு திண்ணைக்கு வந்து, “எனக்கு இன்னும் சோறு போடவில்லை” என்று அண்டை வீட்டாரிடம் சொன்னால், ஊர் மருமகளைத்தான் ஏசும், நோயை நினைக்காது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): படிக்காதவர்களுக்குத் தேர்வு வைத்தால் தவறத்தானே செய்வார்கள்? கணக்கு அதனால் வீங்கியிருக்காதா?

பதில்: நியாயமான ஐயம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு நோய் என்று முத்திரை குத்துவது அநீதி. அதனால்தான் இவ்விரு ஆய்வுகளிலும் உடனிருப்பவரிடம், முன்பிருந்ததைவிட இவர் மாறியிருக்கிறாரா என்றும் விசாரித்தார்கள். அதே நேரத்தில், இளமையில் கல்வி கிட்டாமை இந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்பதையும் மறுக்க இயலாது. ஆகவே கிராமத்து எண் முழுவதையும் தேர்வின் பிழை என்று தள்ளிவிட வேண்டாம்.

கேள்வி (காசிமேடு): சாவியை வைத்த இடம் மறக்கிறது. எனக்கும் வருமா?

பதில்: எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இதையே கேட்டிருக்கிறார்கள். சாவி மறப்பது மட்டும் நோயன்று. பல்லாண்டு மீன் வாங்கப் போன தெருவில் வழி தெரியாமல் நின்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டு நாளாக இரவில் உளறுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டே நாளில் வந்த குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ காரணமாக இருக்கக்கூடும். இன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மெல்ல வந்த மறதியானாலும் வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு, செவித்திறன் ஆகியவற்றைப் பார்க்காமல் மருந்துக்கடையில் மாத்திரை கேட்காதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): ஞாபக சக்திக்கு நல்ல மாத்திரை எது?

பதில்: முந்தைய பதிலின் கடைசி வரியைப் படிக்கவும்.

கேள்வி (மணலி): வல்லாரை லேகியம் உதவுமா?

பதில்: அது என் துறையன்று, சித்த மருத்துவரைக் கேளுங்கள். அதை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.