வாலிபர் கூடுகையில் வேதாகமக் கதையை வைத்துக் கலந்துரையாடல் நடத்துவது எப்படி? 15 பேர், ஒரு மணி நேரம். கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

பெரும்பாலும் கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "இந்தக் கதையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று ஆரம்பித்தால் ஒரு மூலையிலிருந்து "கீழ்ப்படிதல்" என்று வரும். அதோடு சரி. சிறுவயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உங்களுக்கு என்ன பதில் வேண்டும் என்று நன்றாகவே தெரியும். தெரிந்த பதிலைச் சொல்லிக்காட்ட இருபது வயதில் யாருக்கும் ஆசை இருக்காது.

2 இராஜாக்கள் 5-ம் அதிகாரம், நாகமான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகியான சீரியப் படைத்தலைவர் நாகமான், வீட்டில் வேலை செய்யும் சிறு பெண் சொன்னதைக் கேட்டு இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலிசாவிடம் சுகம் தேடிப் போகிறார்; யோர்தான் நதியில் ஏழுதரம் முழுகச் சொல்கிறார் எலிசா. 27 வசனங்கள், நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடம். ஆட்கள் நிறைய, அவர்கள் பேசுவதும் நிறைய. வரிசையாக ஆளுக்கொரு வசனம் வாசிக்க விடாதீர்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் தங்கள் முறை எப்போது வருமோ என்று வசனத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். கதை காதில் விழாது. கதை சொல்பவர், சிறு பெண், இஸ்ரவேல் ராஜா, நாகமான், எலிசா, நாகமானின் ஊழியக்காரர், எலிசாவின் வேலைக்காரன் கேயாசி என்று பாத்திரம் பிரித்து, வியாழக்கிழமையே அவரவர் பகுதியை அனுப்பிவிடுங்கள். சரளமாகத் தமிழ் வாசிப்பவருக்குக் கதை சொல்பவர் பகுதி, தடுமாறுபவருக்குச் சிறு பெண்ணின் ஒற்றை வசனம்.

வாசித்ததும் கருத்துக் கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். நாகமான் கொண்டுபோனது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன். ஒரு சேக்கலுக்கு ஏறத்தாழ 11 கிராம் வைத்தால் பொன் மட்டும் எட்டாயிரம் பவுனைத் தாண்டும். இன்றைய விலையைப் பார்த்துப் பெருக்கச் சொல்லுங்கள். எப்போதும் கைப்பேசியில் இருக்கும் தம்பிதான் முதலில் பேசுவான். முதல் வார்த்தை வெளியே வந்துவிட்டால் இரண்டாவது எளிது.

பிறகு நாலு குழுவாகப் பிரித்து ஏழு நிமிடம் கொடுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காரும் சபையென்றால் உட்கார்ந்த இடத்திலேயே குழு அமையட்டும். கலப்பதெல்லாம் பொதுவில் பேசும்போது. எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வி: "12-ம் வசனத்தில் நாகமான் கோபத்தோடே திரும்பிப் போகிறார். அப்படியே ஊருக்குப் போயிருந்தால் தப்பு யார்மேல்?" எலிசா வாசலுக்கே வரவில்லை, ஆள்தான் அனுப்பினார் என்பதை யாராவது பிடிப்பார்கள். "யோர்தான் சேறு, அதனால்தான் கோபம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். பிரசங்கத்தில் கேட்டது அது. "எந்த வசனம்?" என்று மட்டும் கேளுங்கள். தன் ஊர் நதிகளான ஆப்னாவும் பர்பாரும் மேல் என்கிறார் நாகமான். சேறு என்ற சொல்லே அங்கே இல்லை. இந்த "எந்த வசனம்?" மனப்பாடப் பதில் எல்லாவற்றுக்கும் உதவும், யாரையும் காயப்படுத்தவும் செய்யாது.

உண்மையான பேச்சு 18-ம் வசனத்தில் இருக்கிறது. வழக்கமாக 14-ல் சுகமானதோடு முடித்துவிடுவார்கள், அது பெரிய நஷ்டம். சுகமான நாகமான் இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்கிறார். அதே மூச்சில், என் எஜமானாகிய ராஜா எங்கள் ஊர்த் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் என் கையின்மேல் சாய்ந்து பணியும்போது நானும் குனியவேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறார். எலிசா செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. சமாதானத்தோடே போ என்கிறார், அவ்வளவுதான். "இந்தப் பதில் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அலுவலகத்து ஆயுத பூஜை, நண்பன் வீட்டுப் பிரசாதம், முதலாளி நீட்டும் விபூதி, எல்லாம் தானாக வரும். இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இங்கே வேறு வேறு பக்கம் நிற்பார்கள், நிற்கட்டும். நீங்கள் தீர்ப்புச் சொன்ன நிமிடம் பேச்சு செத்துவிடும். சபைப் போதகரான ஐயர் கூட இருந்தால் எல்லாருடைய கண்ணும் அவர் முகத்துக்கே போகும்; கடைசி ஐந்து நிமிடத்தில் பேசும்படி முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டபின் வரும் அமைதிக்குப் பயந்து நீங்களே பதில் சொல்லிவிடுவது இன்னொரு தப்பு. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். உங்களுக்கு அது ஒரு யுகம். யோசிப்பவருக்கு அப்படி இல்லை. ஒரே ஆள் பேசிக்கொண்டே போனால், "நல்ல பாயிண்ட் அண்ணா, இதுவரை பேசாத ஒருத்தர் இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று திருப்பிவிடலாம். பேசாதவரைப் பெயர் சொல்லி இழுக்காதீர்கள். அடுத்த வாரம் வரமாட்டார்.

கேயாசி பகுதியில் கவனம் தேவை. நாகமானிடம் பொய் சொல்லி வெள்ளி வாங்கினான், குஷ்டம் வந்தது என்று முடித்தால், வீட்டில் தீராத நோயாளி இருக்கும் பிள்ளை ஒன்று அதை வேறுவிதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி யாராவது இருப்பது தெரிந்தால் யோவான் 9:3-ஐக் கையில் வைத்திருங்கள். பிறவிக் குருடனைப் பற்றி, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்கிறார் இயேசு. இன்று மாத்திரையில் குணமாகும் தொழுநோயும், வேதாகமம் குஷ்டம் என்று சொல்வதும் ஒன்றேதான் என்றும் பேசிவிடாதீர்கள். மூல எபிரெயச் சொல் பலவிதத் தோல்நோய்களைக் குறிப்பது. வீட்டுச் சுவரில் வரும் பூஞ்சைக்கும் லேவியராகமம் 14-ல் அதே சொல்தான். நேரம் போதாவிட்டால் கேயாசியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவசரமாக முடிக்கிற ஆள் இல்லை அவன்.