பெயர் மாறினால் பழைய ஒப்பந்தங்கள் என்னவாகும்?

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு வேறு பெயர் வைக்க விரும்புகிறோம். வங்கிக் கடனும் பழைய ஒப்பந்தங்களும் செல்லாமல் போய்விடுமா? – வாசகர், ஈரோடு

பதில்: அந்த அச்சம் வேண்டாம். பெயர் மாற்றத்தால் புதிய நிறுவனம் உருவாவதில்லை என்பதால், கடனும் ஒப்பந்தங்களும் நிலுவையிலுள்ள வழக்குகளும் அப்படியே தொடரும். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 13-ஆவது பிரிவின்படி, முதலில் புதிய பெயரை நிறுவனப் பதிவாளரிடம் ஒதுக்கீடு பெற்று, அது செல்லுபடியாகும் 60 நாட்களுக்குள் பங்குதாரர் கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளுடன் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்யாமல் வைத்திருந்தால் அனுமதி கிடைக்காது. பலர் தடுமாறும் இடம் இதுவே என்பதால், அவற்றை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். விரும்பும் பெயரை வேறு எவரேனும் வணிகக் குறியாகப் பதிந்துள்ளாரா என்றும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

புதிய சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே மாற்றம் செல்லும். அதன்பின் 15 நாட்களுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கோருவதுடன், பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயரை மாற்றுங்கள். பெயர்ப் பலகையிலும் கடிதத்தாளிலும் இரண்டு ஆண்டுகள் வரை பழைய பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுவது கட்டாயம்.