அன்னப்பிளவு என்கிறார்களே, ‘அன்னம்’ என்பது வாயின் எந்தப் பகுதி?

நீங்கள் கேட்கும் சொல்லை டண்ணகரம் இட்டு ‘அண்ணம்’ என்றே எழுத வேண்டும்; குழந்தைக்குப் பிறவியிலேயே அது பிளந்திருப்பதுதான் அண்ணப்பிளவு. சென்னையில் மருத்துவ முகாம் சுவரொட்டிகளிலும் ‘அன்னப்பிளவு’ என்று எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்னம் என்றால் பறவை, அல்லது சோறு. எனவே மருத்துவர் வாயின் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று பெற்றோருக்கு விளங்காமல் போவதில் வியப்பில்லை.

நுனிநாக்கை மேற்பற்களுக்குப் பின்னால் வைத்து உள்நோக்கித் தடவிப் பாருங்கள். ஈறு மேடிட்டிருக்கும் இடத்தைத் தாண்டியதும், எலும்பு தாங்குவதால் கெட்டியாக இருப்பது வல்லண்ணம். அதற்கும் பின்னால் எலும்பின்றித் தசையால் மட்டும் ஆனது மெல்லண்ணம். காபியைச் சூடாகக் குடித்துவிட்டு ‘மேல்வாய் வெந்துவிட்டது’ என்று வீட்டில் சொல்வோமே, அந்த மேல்வாய்தான் அண்ணம். மெல்லண்ணத்தின் முனையில் தொங்கும் உள்நாக்கு, பெயரில் நாக்கு இருந்தாலும், அண்ணத்தைச் சேர்ந்ததே.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்தச் சொல்லையே ஆள்கிறது: அடிநா அண்ணத்தைச் சேர க, ங, இடைநா சேர ச, ஞ, நுனிநா சேர ட, ண. பேச்சுப் பயிற்சி அளிக்கும் எனக்கு அது இன்றைக்கும் பயன்படும் வரைபடம்.

க, ச, ட, த, ப ஆகிய வல்லின ஒலிகளுக்கு மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் காற்று வாய்க்குள் அழுத்தத்துடன் தேங்கும். அண்ணம் பிளந்திருந்தால் அந்தக் காற்று மூக்கு வழியே கசிந்துவிடுகிறது. மூக்கொலியான மகரத்துக்கு அந்த அடைப்பு தேவையில்லை என்பதால் குழந்தை ‘அம்மா’ என்று தெளிவாகச் சொல்லும், ‘அப்பா’ என்னும்போது திணறும். பிள்ளை தன்னை மட்டும் அழைப்பதில்லை என்று மாதக்கணக்கில் மனம் வெதும்பிய ஒரு தந்தைக்கு இதை விளக்கியபோது அவர் அழுதுவிட்டார்.

அண்ணத்துக்கான அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள் செய்வார்கள். அதன் பிறகு பல குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் தேவைப்படும். பிளவு உதட்டிலா, வல்லண்ணத்திலா, மெல்லண்ணத்தில் மட்டுமா என்று மருத்துவரிடம் இந்தச் சொற்களைக் கொண்டே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.